வீட்டுக் கணினியின் நிர்வாகி யார்? – ஒரு வரலாற்றுக் குறிப்பு

2005ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை பாளையங்கோட்டையிலிருந்து என் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது முதுகலை முடித்துவிட்டு மதுரையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். "தம்பி, நான் எழுதி வச்சத நானே திறக்க முடியலப்பா. அனுமதி இல்லன்னு சொல்லுது" என்றார்.

ஓய்வு பெற்றபின் தாமிரபரணிக் கரையூர்களில் அலைந்து, ஒலிநாடாக்களில் அவர் பதிந்துவந்த ஒப்பாரிப் பாடல்கள் ஏறக்குறைய அறுநூறு. அவற்றை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, இரண்டு விரல்களால் தட்டச்சு செய்து, வீட்டுக் கணினியில் ஒரே கோப்புறையில் சேர்த்துவைத்திருந்தார். பாடியவர்களில் பாதிப்பேர் அதற்குள் மறைந்துவிட்டார்கள். நாடாக்களில் பல பூஞ்சை பிடித்துப்போயின. கணினி மந்தமாகிவிட்டதென்று பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க, அவர் வன்தட்டை அழிக்காமல் விண்டோஸ் எக்ஸ்பியை மறுபடியும் நிறுவித் தந்திருந்தார். கோப்புறை பழைய இடத்திலேயே இருந்தது. பெயரும் தெரிந்தது. சொடுக்கினால் மட்டும், அணுகல் மறுக்கப்பட்டது என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி.

பழுதுபார்த்தவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவர் எதையும் அழிக்கவில்லை. ஆசிரியரும் எதையும் அழிக்கவில்லை. தன் வீட்டில், தன் மேசைமேல், தான் விலைகொடுத்து வாங்கிய பெட்டிக்குள், தான் எழுதிய ஒன்றைத் திறக்க ஒருவருக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பதே கேள்வி. அன்றிரவு பேருந்தில் போகும்போது இதை ஒரு தொழில்நுட்பத் தொல்லை என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதைப் பின்னாளில் படிக்கப் படிக்கத்தான் தெரிந்துகொண்டேன்.

*

கணினி 'நீ யார்?' என்று கேட்கத் தொடங்கியது வீட்டில் அன்று, கல்விக்கூடத்தில். 1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப்பகிர்வு அமைப்பைச் செய்துகாட்டினர். அதற்குமுன் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து விடையை வாங்கிச் செல்வதே பெருவழக்கு. காலப்பகிர்வில் பலர் தனித்தனி முனையங்களின்முன் அமர்ந்து ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். இயந்திரம் தன் காலத்தை நொடித்துணுக்குகளாக நறுக்கி எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

நம் ஊர்ப் பழைய தெருக்களின் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரே முற்றம், ஒரே குழாய், பல அடுப்புகள். அங்கே யாருடைய குடம் எது என்ற கேள்வி முதல்நாளே வந்துவிடும். ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கோப்புகள் இருந்தமையால் சி.டி.எஸ்.எஸ்.ஸிலும் வந்தது. அதற்குக் கோர்பாட்டோ குழுவினர் கண்ட எளிய விடைதான் கடவுச்சொல்.

அது மிக விரைவிலேயே மீறவும்பட்டது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணிநேரம்தான் கணினிக் காலம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு கேட்கும் துளையட்டை ஒன்றை வேலைகளோடு வேலையாக வைத்துவிட்டார். மறுநாள் காலை அச்சிட்ட தாள் அவருக்காகக் காத்திருந்தது. அவர் இதை ஒப்புக்கொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். கணினித் திருட்டின் வரலாறு பொருளாசையில் தொடங்காமல் ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் தொடங்கியது என்பதில், ஆய்வு மாணவர்களோடு பழகுகிற எனக்குப் பெரிய வியப்பில்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1960களின் நடுவில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி. ஒருநாள் மாலை சி.டி.எஸ்.எஸ்.ஸுக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும், வழக்கமான அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகிவந்தன. யாரும் ஊடுருவவில்லை. அந்தத் தொகுப்பான் ஒவ்வொரு முறையும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பைத்தான் பயன்படுத்தும். ஓர் அடைவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம் என்ற விதி இருந்தமையால் அதில் ஆபத்தில்லை. ஆனால் நிர்வகிப்பவர்கள் பலர், அடைவு ஒன்று. தங்கள் வசதிக்காக அந்த விதியைத் தங்களுக்கு மட்டும் தளர்த்திக்கொண்டார்கள். ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொற்களையும் ஒரே நேரத்தில் திருத்த, ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் அமர்ந்துவிட்டது. கோர்பாட்டோ தம் டூரிங் விருது உரையில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நிர்வாகியின் வசதிக்காகச் செய்யும் தளர்வே பெருங்கேட்டுக்கு வாசலாவது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது.

*

சி.டி.எஸ்.எஸ்.ஸின் வாரிசாக 1965இல் தொடங்கிய மல்ட்டிக்ஸ் திட்டத்தில் இக்கேள்வி மிக விரிவாக ஆராயப்பட்டது. எந்தக் கோப்பை யார் யார் என்ன செய்யலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு கோப்போடும் இணைக்கப்பட்டது. மல்ட்டிக்ஸில் பணியாற்றிய ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடருடன் சேர்ந்து 1975இல் எழுதிய கட்டுரை இத்துறையின் இலக்கண நூல் என்றே சொல்லத்தக்கது. ஒரு நிரலோ பயனரோ தம் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு மட்டுமே இயங்கவேண்டும் என்ற நெறி அதில் தெளிவாக வகுக்கப்பட்டது. எல்லோரும் ஏற்றுக்கொண்டு யாரும் கடைப்பிடிக்காத நெறிகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

மல்ட்டிக்ஸிலிருந்து விலகிய பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன், 1969இல் பி.டி.பி.-7 என்ற சிறு கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி துணைசேர்ந்தார். மல்ட்டிக்ஸின் நீண்ட பட்டியலை அவர்கள் சில குறிகளாகச் சுருக்கினார்கள். படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்ற மூன்று கேள்விகள். கேட்பவர் உடையவரா, அவர் குழுவைச் சேர்ந்தவரா, பிறரா என்ற மூன்று நிலைகள். இவற்றுள் குழு பின்னால் வந்து சேர்ந்தது. இவை எதற்கும் கட்டுப்படாத ஒருவரும் உண்டு. அவருடைய எண் பூச்சியம். பெயர் 'ரூட்', அதாவது வேர். கோப்புகளெல்லாம் ஒரு மரத்தின் கிளைகளாக விரிய, அந்த மரத்தின் வேரையே தன் இல்லமாகக் கொண்டவர் என்பதால் அப்பெயர். வந்திருப்பவர் பூச்சியம் என்றால் கருவகம் வேறெதுவும் கேட்பதில்லை, வழிவிட்டுவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற விரும்புகிறார். கடவுச்சொல் கோப்பில் எழுத வேருக்கு மட்டுமே உரிமை. வேரின் அதிகாரத்தை அவர் கையில் கொடுக்கவும் முடியாது, மாற்றாதே என்று சொல்லவும் முடியாது. ரிட்சி கண்ட வழி இது: சில நிரல்கள், தம்மை இயக்குபவரின் உரிமையோடு இயங்காமல், தம் உடையவரின் உரிமையோடு இயங்கும். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நாம் கருவறைக்குள் கொண்டுபோவதில்லை. அர்ச்சகர் கையில் கொடுக்கிறோம், அவர் வரையறுத்த ஒரு செயலைச் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறார். (யார் உள்ளே போகலாம் என்பது நம் ஊரில் வேறு விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை.) 1973இல் விண்ணப்பித்த இந்த உத்திக்கு 1979 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது பொதுவுக்கு விடப்பட்டது.

இதன் வழியில் வந்ததே 'சூடு' என்னும் கட்டளை. 1980 அளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷல், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியது. முழுநேரமும் வேராக அமர்ந்திராமல், ஒரு கட்டளையை மட்டும் வேரின் பெயரால் செய்துகொண்டு உடனே இறங்கிவிடலாம். அதிகாரத்தில் ஏறியவர் தானே இறங்குவதற்கு வழிசெய்தது கணினியுலகில் இத்தகைய ஒரு சிறு கட்டளை. அதுவும் குற்றமற்றதன்று. 2011இல் அதில் புகுந்த ஒரு பிழை 2021 ஜனவரியில்தான் வெளியே வந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகள், பட்டியலில் பெயரே இல்லாத பயனரும் அப்பிழையின் வழியே வேராகிவிட முடிந்திருக்கிறது.

*

இதுவரை சொன்னவையெல்லாம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் நடந்தவை. வீட்டுக் கணினி வேறு குலத்தில் பிறந்தது. 1977இல் வந்த ஆப்பிள் 2, 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் தனிக்கணினி இவற்றில் பயனர் என்ற கருத்தே இல்லை. யார் முன்னால் அமர்கிறாரோ அவர்தான் எல்லாம். ஐபிஎம் கணினியின் 8088 சில்லில், ஒரு நிரல் இன்னொரு நிரலின் நினைவகத்தைத் தொடாமல் தடுக்கும் வசதியும் கிடையாது. எம்எஸ்-டாஸில் ஒரு கோப்பைப் 'படிக்க மட்டும்' என்று குறிக்கலாம். அந்தக் குறியை யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளையில் நீக்கலாம். ஆக அது தடையன்று, வேண்டுகோள்.

இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. ஒண்டுக்குடித்தனத்திலிருந்து தனிவீட்டுக்குப் போனவர் தன் அடுக்களைக்குத் தானே பூட்டுப்போட்டுச் சாவிகேட்டு நிற்பாரா? தனிக்கணினி என்ற பெயரிலேயே, இது வேறு யாருடையதும் அன்று, யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம் என்ற விடுதலை இருந்தது. அந்த விடுதலையை அனுபவித்த தலைமுறைக்குப் பின்வந்த கெடுபிடிகள் கசந்ததில் நியாயமுண்டு.

ஆனால் வீடு தெருவோடு இணைந்துவிட்டது. இணையம் வந்தபின் உள்ளே நுழைந்த அயலார் மனிதர்கள் அல்லர்; நிரல்கள். ஒண்டுக்குடித்தனத்துக் காவல், ஒரு மாணவரின் கோப்பை இன்னொரு மாணவர் தொடாமலிருக்க அமைந்தது. ஆளுக்கு ஆள் போட்ட வேலி அது. வீட்டிலோ ஆள் ஒருவர்தான். அவர் இயக்கும் ஒவ்வொரு நிரலும் அவர் பெயரையே அணிந்துகொண்டு, அவருக்குள்ள அத்தனை உரிமையோடும் உலவுகிறது. 2000 மே மாதம் காதல் கடிதம் என்று பெயர் சூட்டிக்கொண்டு மின்னஞ்சலில் வந்த நச்சுநிரல் உலகெங்கும் கோப்புகளை அழித்தது. அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. சொடுக்கியவருக்கு எதை அழிக்க உரிமை இருந்ததோ அதையே அழித்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை முற்றிலும் எதிர்பாராமலில்லை. பெருங்கணினி மரபில் வளர்ந்த டேவ் கட்லர் 1988இல் டிஜிட்டல் நிறுவனத்திலிருந்து அங்கே வந்தார். அவர் தலைமையில் உருவான விண்டோஸ் என்டி 1993இல் வெளிவந்தது. மல்ட்டிக்ஸ் போலவே ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் உண்டு, அனுமதிப் பட்டியல் உண்டு. ஆனால் அன்றைய வீட்டுக் கணினிகளின் சிறிய நினைவகம் அதைத் தாங்காது. ஆகவே அலுவலகத்துக்கு என்டி, வீட்டுக்கு டாஸ் வழிவந்த விண்டோஸ் 95, 98 என்று இரண்டு கிளைகள் எட்டாண்டுகள் வளர்ந்தன. விண்டோஸ் 95லும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வரும். எஸ்கேப் விசையை அழுத்தினால் பெட்டி போய்விடும், கணினி திறந்துகொள்ளும். வாசலில் கோலம் இருந்தது, கதவு இல்லை.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கி, என்டியின் கட்டுமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அப்போது செய்த ஒரு முடிவைத்தான் நான் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். நிறுவும்போது உருவாகும் பயனர்கள் எல்லோரும் நிர்வாகிகள். கடவுச்சொல் கட்டாயமில்லை. குறைந்த உரிமையுள்ள கணக்கு ஒன்றும் இருந்தது. ஆனால் அதில் வாழ்வது கடினம். விண்டோஸ் 95க்காக எழுதிய நிரல்கள், பயனரின் கோப்புகளையும் அமைப்புகளையும் கணினியின் பொது இடங்களிலேயே எழுதிப் பழகியிருந்தன. குறைந்த கணக்கில் விளையாட்டு திறக்காது, கணக்குப்பதிவு மென்பொருள் சேமிக்காது. வாங்கியவர் கடையில் சண்டைபிடிப்பார். எல்லோரையும் அரசராக்கிவிடுவதே எளிய வழியாக இருந்தது.

தமிழ் படிப்போருக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. அந்த ஆண்டுகளில் இணையத்தில் தமிழ் இதழ் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் டிஸ்கி, டாப் என்று அவரவர் குறியேற்றத்துக்குரிய எழுத்துருவைக் கணினியில் இறக்கவேண்டும். எழுத்துருக்கள் அடங்கிய கோப்புறையில் எழுத நிர்வாகிக்கு மட்டுமே உரிமை. யூனிக்கோடு தமிழுக்கும் அதே கதை. எக்ஸ்பியில் மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டைச் செருகவேண்டும். அதற்கும் நிர்வாகியாக இருக்கவேண்டும். எங்கள் கல்லூரிக் கணினி அறையில் மாணவர் கணக்கு, குறைந்த உரிமைக் கணக்கு. தமிழ் முதுகலை மாணவர்கள் கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். நிர்வாகிக் கடவுச்சொல் எழுதிய துண்டுத்தாள் ஆய்வக உதவியாளரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் விடுப்பில் போனால் தமிழ் இல்லை. குறைந்த உரிமை நெறியை மனதார ஏற்கும் நான், அது சரியாகச் செயற்பட்ட ஓரிடத்தில் என் மொழியைப் படிக்க முடியாமல் நின்றதையும் பதிவுசெய்துதான் ஆகவேண்டும்.

*

எல்லோரும் அரசரானதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டு போதிய அளவு விளக்கும். என் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்த அதே ஐப்பசியில், 2005 அக்டோபர் 31 அன்று, மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் தம் கண்டுபிடிப்பு ஒன்றை வெளியிட்டார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுந்தகடு ஒன்றைக் கணினியில் போட்டுக் கேட்டிருக்கிறார். பாட்டைப் படியெடுக்காமல் தடுக்கும் மென்பொருள் ஒன்று அதிலிருந்து கணினியின் அடித்தளத்தில் போய் அமர்ந்து, தன்னைப் பார்வையிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும். அடுத்த சில நாட்களில் வேறு நச்சுநிரல்களும் அந்த மறைவிடத்தில் குடியேறின. நிறுவனம் நவம்பரில் தகடுகளைத் திரும்பப் பெற்றது. இவ்வகை மென்பொருளுக்கு 'ரூட்கிட்' என்று பெயர். யூனிக்ஸின் வேர்தான் அப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டுக் கேட்பதற்கு வேரின் அதிகாரம் எதற்கு? கேட்டவர் நிர்வாகியாக அமர்ந்திருந்தார். அவர் பெயரில் நுழைந்த பாட்டுத்தகடும் நிர்வாகியாயிற்று.

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, தவறைத் திருத்த முயன்றது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்தாலும் அன்றாட வேலைகளுக்குக் குறைந்த உரிமையே கிடைக்கும். நிர்வாகியின் முழு உரிமை தேவைப்படும்போது திரை மங்கி, தொடரலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். திரை மங்குவது அழகுக்காக அன்று. வேறெந்த நிரலும் நமக்குப் பதிலாக 'ஆம்' பொத்தானை அழுத்திவிடாதபடி அந்தப் பெட்டி தனித்திரையில் தோன்றுகிறது. மக்கள் இதை வெறுத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கிட்டு அனுமதி கேட்கும் கறுப்புக் கண்ணாடிக் காவலர் ஒருவரைக் காட்டி ஆப்பிள் நிறுவனம் கேலி விளம்பரம் செய்தது. 2008இல் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், பயனர்களுக்கு எரிச்சலூட்டுவதே இதன் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார். எரிச்சலடைந்த பயனர் மென்பொருள் செய்தவரிடம் முறையிடுவார், செய்தவர் நிர்வாகி உரிமை கேட்காதபடி நிரலைத் திருத்துவார் என்பது கணக்கு.

கணக்கு பொய்க்கவில்லை என்பதே என் கருத்து. விஸ்டாவைத் திட்டியவர்கள்தாம், 2009இல் வந்த விண்டோஸ் 7 தொல்லைதரவில்லை என்று பாராட்டினார்கள். அதில் எச்சரிக்கையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி வந்தது உண்மை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மென்பொருள்களும் ஒழுங்குக்கு வந்திருந்தன. 2024இல் விண்டோஸ் 11 'சூடு' என்ற பெயரிலேயே ஒரு கட்டளையைச் சேர்த்துக்கொண்டது. பஃபலோவில் பிறந்தது வீடுவந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இதற்கிடையில் நிர்வாகி என்ற பதவியே தேய்ந்துவந்திருக்கிறது. விஸ்டாவிலிருந்து விண்டோஸின் உள்கோப்புகளுக்கு உடையவர், நாம் அல்லாத ஒரு நிறுவல் சேவை. 2015 முதல் ஆப்பிள் கணினிகளில் வேராக நுழைந்தாலும் இயங்குதளத்தின் முதன்மைக் கோப்புகளைத் தொடமுடியாது. கைப்பேசியில் இது முழுமை பெற்றுவிட்டது. ஆண்ட்ராய்டின் அடியில் யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பயனர் எண்கள் மனிதர்களுக்கு இல்லை. ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வோர் எண். ஒண்டுக்குடித்தனம் திரும்ப வந்துவிட்டது, குடியிருப்பவை மட்டும் நிரல்கள். கைப்பேசியை விலைகொடுத்து வாங்கிய நமக்கு வேரின் சாவி தரப்படுவதில்லை.

*

வீட்டுக் கணினியில் இன்றும் வரும் அனுமதித் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. பழைய வன்தட்டைப் புதுக் கணினியில் இணைத்தால் கோப்புறை திறக்காது. ஏனெனில் கணினி நம்மைப் பெயரால் அறிவதில்லை. என்டி மரபில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் எண் வேறு. ஆகவே ஆள் வேறு. நிர்வாகியாகவே இருந்தும் ஒரு நிரல் அனுமதி இல்லை என்று சொன்னால், அது குறைந்த உரிமையோடு இயங்குகிறது. 'நிர்வாகியாக இயக்கு' என்று தனியே சொல்லவேண்டும். பழைய நிரலில் சேமித்த கோப்பைச் சேமித்த இடத்தில் காணவில்லையென்றால், விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் அதை நம் கணக்குக்குள் ஒரு நிழல் கோப்புறைக்குத் திருப்பிவிட்டிருக்கக்கூடும். வீட்டில் ஒரே ஒரு நிர்வாகிக் கணக்கு மட்டும் இருந்து அது பழுதானால் துன்பம் பெரிது. இரண்டாவதாக ஒன்றைக் கடவுச்சொல்லோடு உருவாக்கிவைத்துவிட்டு, அன்றாட வேலைகளைக் குறைந்த உரிமைக் கணக்கில் செய்வது நல்லது. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். அனுமதி என்பது பூட்டு அன்று. வாசலில் நிற்கும் காவலர். வன்தட்டைக் கழற்றி வேறோர் இயங்குதளத்தில் மாட்டினால் காவலர் அங்கே இல்லை, யாரும் உள்ளே போகலாம். மறையாக்கம்தான் பூட்டு. சாவி தொலைந்தால் அதை எந்த நிர்வாகியாலும் திறக்க முடியாது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பல, வன்தட்டைத் தாமாகவே மறையாக்கம் செய்துவிடுகின்றன. மீட்புச் சாவி எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை நலமாக இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளவேண்டும்.

என் ஆசிரியரின் கணினியில் நின்றது காவலர்தான், பூட்டு அன்று. முன்பு அவர் தம் கணக்குக்குக் கடவுச்சொல் இட்டபோது, உங்கள் கோப்புகளைத் தனிப்பட்டவையாக்கவா என்று எக்ஸ்பி கேட்டிருக்கிறது. ஆம் என்று சொல்லியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் கை வைத்துவிடக்கூடாதே என்ற எண்ணம். மறுபடி நிறுவியபோது பழைய எண்ணுக்குரியவர் இல்லாமல் போனார். அதே பெயரில் வந்த புதியவரைக் கணினி அடையாளம் காணவில்லை.

அது எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பு. அனுமதிகளைக் காட்டும் பக்கத்தையே அது சாதாரணமாகக் காட்டாது. எட்டாவது செயல்விசையை அழுத்தியபடி பாதுகாப்பு முறையில் தொடங்கி, மறைந்திருக்கும் நிர்வாகிக் கணக்கில் நுழைந்தால்தான் தெரியும். நுழைந்தோம். கோப்புறையின் உடையவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தது. ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை முழுவதும் படித்தார்.

"இதுதான் நானா?"

"ஆமாங்க ஐயா, பழைய நீங்க."

உடைமையை நிர்வாகிகள் குழுவுக்கு மாற்றி, உட்கோப்புகள் அனைத்துக்கும் அதைப் பரப்பும் கட்டத்தில் குறியிட்டேன். பட்டை மெல்ல நகர்ந்து முடிந்தது. அறுநூறு பாடல்களும் இருந்தன. ஒன்றைத் திறந்து, பாடிய ஆச்சியின் பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டு மூடினார். எழுந்து போவார் என்று நினைத்தேன்.

"இப்ப உடையவர்னு யார் பேரு இருக்கு?"

"நிர்வாகிகள்னு இருக்குங்க ஐயா."

"அது யாருப்பா? என் பேரப் போடு."

எக்ஸ்பியின் அந்தப் பக்கத்தில் உடைமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை. உரியவர் தானே எடுத்துக்கொள்ளத்தான் முடியும். ஆகவே கணினியை அணைத்து, மறுபடியும் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அவர் கணக்கில் அவரையே நுழையச் சொன்னேன். பெயர்களின் பட்டியலில் தம் பெயரைத் தேடி, அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்து, சரி என்பதை அவரே அழுத்தினார்.